நாற்பது கீசரும் ஒரு மெயின் பிரேக்கரும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் 40 வீடுகள். மாநகராட்சி தந்திருப்பது ஒரே மொத்த இணைப்பு: மூன்று ஃபேஸ், 400 வோல்ட், 250 ஆம்பியர் மெயின் பிரேக்கர். நாலைந்து மணி நேரம் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், அரை மணிக்குள் மெயின் விழுந்துவிடுகிறது. சோலார், பேட்டரி, ஸ்மார்ட் மீட்டர், ஆப் எல்லாம் சேர்த்து "வளாகத்தையே ஸ்மார்ட் ஆக்கித் தருகிறோம்" என்று ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: பேட்டரியில் தொடங்காதீர்கள். உங்களுக்குக் கரண்ட் பற்றாக்குறை இல்லை. நாற்பது வீடும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் தொல்லை.

கணக்கைப் பாருங்கள். 150 லிட்டர் கீசருக்கு வழக்கமான எலிமென்ட் 3 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். சாதாரண நாளில் ஒரு வீட்டுக் கீசர் அணையும்போது இன்னொரு வீட்டில் எரியும். மெயின் அதைத் தாங்கும். சாயங்காலம் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்து எட்டு மணிக்கு வந்தால் நாற்பது தொட்டியும் ஆறிக் கிடக்கும், நாற்பது தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகக் கரண்டை விடும். கீசருக்கு மட்டும் 120 கிலோவாட். அதன்மேல் அடுப்பு, கெட்டில், ஹீட்டர் என்று வீட்டுக்கு 2 கிலோவாட் சேர்த்தால் மொத்தம் 200. மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரிந்தாலே ஃபேஸுக்கு 290 ஆம்பியர். பழைய வளாகங்களில் சமமாகப் பிரிந்திருப்பது அபூர்வம். ஒரு ஃபேஸில் 17 வீடு மாட்டியிருந்தால் அதில் மட்டும் 370 ஆம்பியர் ஓடும். 250 ஆம்பியர் பிரேக்கர் சூடேறி விழுவது அதன் கடமை. அதை 400 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், கேபிளும் மாநகராட்சி ஒப்புக்கொண்ட அளவும் மாறவில்லையே என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே முதல் செலவு அளவெடுப்புக்கு. மெயினின் மூன்று ஃபேஸிலும் சி.டி. (கரண்டை அளக்க வயரைச் சுற்றி மாட்டும் வளையம்) மாட்டி, ஒரு லாகரில் (அளவைத் தொடர்ந்து பதியும் கருவி) குறைந்தது இரண்டு வாரம் பதியுங்கள். ஜூன், ஜூலை குளிரில் செய்தால் உச்சம் தெரியும். பள்ளி விடுமுறையில் எடுத்த அளவு பொய் சொல்லும். மாநகராட்சி உச்சத் தேவையை அரை மணிச் சராசரியில் கணக்கிடும். பிரேக்கர் அரை மணி காத்திருக்காது. அதனால் ஒரு நிமிட இடைவெளியில் பதிவது நல்லது. இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். சி.டி.யின் மேல் உள்ள அம்புக்குறி சுமையின் பக்கம் பார்க்காமல் திரும்பியிருந்தால் அந்த ஃபேஸ் மைனஸில் வரும், மொத்தக் கணக்கு குறைந்து காட்டும். 250 ஆம்பியரை 5 ஆகச் சுருக்கித் தரும் 250/5 சி.டி.க்கு லாகரில் பெருக்கெண் 50 என்று போடாவிட்டால் எல்லா எண்ணும் பொம்மை எண். மாட்டிய அன்றே ஒரு கிளாம்ப் மீட்டரை வைத்து மூன்று ஃபேஸையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

அளவு கையில் வந்ததும் வீடுகளை ஃபேஸ்களுக்கு மாற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள். 14, 13, 13 என்று வந்தாலே பாதித் தலைவலி போகும். ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு ஓரிரு நாள் வேலை. எந்த மதிப்பீட்டிலும் இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் இதில் விற்பதற்குப் பொருள் இல்லை.

அடுத்தது கீசர் கட்டுப்பாடு. உங்களிடம் ஏற்கெனவே பெரிய பேட்டரி ஒன்று இருக்கிறது, வெந்நீர் வடிவத்தில். 150 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட்டில் இரண்டேகால் மணி நேரம். நாற்பது தொட்டிக்கு 280 யூனிட். அந்த அளவுக்கு லித்தியம் வாங்குவதென்றால் வளாகத்தின் சேமிப்புநிதி தாங்காது.

ஒவ்வொரு வீட்டு டி.பி. போர்டிலும் (ஃபியூஸ், பிரேக்கர் இருக்கும் பலகை) 25 ஆம்பியர் கான்டாக்டரும் (பெரிய சுமையைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். கடையில் கிடைக்கும் 10 ஆம்பியர் வைஃபை சுவிட்சைக் கீசருக்குப் போடவே கூடாது. 13 ஆம்பியர் இரண்டு மணி நேரம் ஓடினால் அதன் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆப்பில் "ஆஃப்" என்று காட்டும், தொட்டி கொதித்துக்கொண்டிருக்கும். கீசர் பக்கத்தில் அதன் இணைப்பைத் துண்டிக்க இருக்கும் ஐசொலேட்டர் சுவிட்சையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திருகு தளர்ந்த இடத்தில் வயரின் உறை பழுப்பேறி, விரலால் தொட்டாலே உதிரும். அதை வெட்டி, சுத்தமான செம்பு வரும்வரை உரித்து, மறுபடி இறுக்காமல் மேலே புதுக் கருவியை மாட்டிப் பயனில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் முக்கியமாக எதிர்பார்க்க வேண்டியது ஒன்று: கரண்ட் திரும்பியதும் அது தானாகவே, இணையத்தைக் கேட்காமல், 10 நிமிடத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் இடையில் ஏதோ ஒரு நேரம் கீசரை நிறுத்திவைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு அந்த நேரம் மாறவேண்டும். கரண்ட் போன பகுதியில் செல்கோபுரமும் படுத்திருக்கலாம் என்பதால், இணையத்தில் எங்கோ இருக்கும் "கிளவுட்" சர்வர் கட்டளை கொடுக்கும் என்ற ஏற்பாடு சரியான நேரத்தில் கைவிடும். பெட்டியே செத்துப்போனால் கீசர் ஓடும்படி, கட்டளை இல்லாதபோது இணைப்பில் இருக்கும் (நார்மலி குளோஸ்டு) தொடுமுனை வையுங்கள். வெந்நீர் இல்லாத வீட்டிலிருந்து வரும் போன் உங்களுக்குத்தான்.

தினசரி ஓட்டத்துக்கு வீடுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, காலைக் குளியலுக்கு நள்ளிரவுக்குப் பிறகும், மாலைக்கு நடுப்பகலிலும் சுடவையுங்கள். மாலை உச்சத்தில் ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும், அதாவது 30 கிலோவாட். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். வெதுவெதுப்பாகவே நிற்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். தீபாவளிக்கு முந்தின இரவுக்குத் தனி அட்டவணை போடுங்கள். அன்று நாற்பது வீட்டிலும் பலகாரச் சட்டி ஏறியிருக்கும், கீசர்தான் வழிவிட வேண்டும்.

நகர அளவிலும் இதே தந்திரம்தான். 2023இல் தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காம் ஜொஹானஸ்பர்க்கின் ஃபோர்வேஸ் பகுதியில் ஸ்மார்ட் மீட்டர் வழியாக வீடுகளை 10 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திச் சோதித்தது. 2.3 கிலோவாட்டில் விளக்கு, டி.வி., ஃபிரிட்ஜ் ஓடும், கீசர் ஓடாது. முழுத் தெருவையும் இருட்டாக்கத் தேவையில்லை.

மீட்டருக்கு வருவோம். வீட்டுக்கு வீடு வைக்கும் ப்ரீபெய்ட் உள்மீட்டர் என்றால், பணம் கட்டி வாங்கும் டோக்கன் சீட்டில் கே.ஆர்.என். (மீட்டர் சாவியின் பதிப்பு எண்) 2 என்று இருக்கிறதா பாருங்கள். டோக்கன்களுக்காக 1993இலிருந்து நிமிடங்களை எண்ணிவந்த பழைய கணக்கு 2024 நவம்பர் 24 அன்று நிரம்பிவிட்டது. 20 இலக்கச் சாவி டோக்கன் இரண்டையும் வரிசையாகப் போட்டு மாற்றாத மீட்டர் புது டோக்கனை ஏற்காது. பழைய மீட்டர் கையிருப்பை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அந்த மீட்டர்களுக்கு யார் டோக்கன் விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சப்ளை குரூப் கோட் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அது விற்பனையாளர் பெயரில் இருந்தால், அவரை மாற்ற நினைக்கும் நாளில் நாற்பது மீட்டரும் அவர் பக்கம் நிற்கும். டி.எல்.எம்.எஸ். என்ற பொது நெறிமுறையில் பேசும் மீட்டராக இருக்கட்டும். அரை மணிக்கொரு அளவு ஒரு வீடு எப்போது பூட்டிக்கிடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, யார் பார்க்கலாம் என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். கடற்காற்று உள்ள ஊர் என்பதால் வெளிப்புறப் பெட்டிகளில் கேபிள் நுழைவு கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

சோலார் நல்லதுதான், ஆனால் மாலை உச்சத்துக்கு நேரடியாக உதவாது. நடுப்பகல் கீசர் சூட்டோடு இணைத்தால் உதவும். உங்கள் இணைப்பு 173 கே.வி.ஏ. தனி ஆய்வில்லாமல் சோலார் மாட்ட அனுமதிக்கும் எளிய விதிப்படி, மற்றவர்களோடு பகிர்ந்த லைன் என்றால் அதில் 25 சதவீதம், சுமார் 43. தனி லைன் என்றால் 75 சதவீதம், சுமார் 130. அதற்கு மேல் தனி ஆய்வு தேவை. இன்வெர்ட்டர், மின்வலையோடு இணைப்பதற்கான தென்னாப்பிரிக்கத் தரமான என்.ஆர்.எஸ். 097-2-1 சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மாநகராட்சியின் அனுமதிக்கு முன் சுவிட்சைப் போடாதீர்கள்.

இவ்வளவும் செய்து ஒரு குளிர்காலம் ஓடிய பிறகு பதிவை எடுத்துப் பாருங்கள். மோசமான ஃபேஸ் 220 ஆம்பியருக்குள் நின்றால் பேட்டரிப் பக்கத்தை மதிப்பீட்டிலிருந்து கிழித்துவிடலாம். நிற்காவிட்டால், எத்தனை கிலோவாட் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பது உங்கள் கையிலேயே இருக்கும்: 30 கிலோவாட் மூன்று மணி நேரம் என்றால் 90 யூனிட், கடைசித் துளி வரை காலி செய்யாமல் இருக்க 105 அளவில் வாங்கலாம். அப்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது, அந்த இன்வெர்ட்டர் மூன்று ஃபேஸிலும் வெவ்வேறு அளவு தருமா என்பது. சமமாக மட்டும்தான் தரும் என்றால், மிஞ்சும் அந்த ஒரு ஃபேஸுக்கு மூன்றில் ஒரு பங்கு உதவிதான் போய்ச் சேரும்.