‘ஸியா’வா, ‘ஃபொஸ்ஸே’வா? பலெர்மோ வாசகியோட இத்தாலியன் சந்தேகம்

பலெர்மோல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. ‘மரியா கிளம்பிட்டான்னு நினைக்கிறேன்’ங்கறதுக்கு ‘ஸியா பர்த்தீத்தா’வா ‘ஃபொஸ்ஸே பர்த்தீத்தா’வா? நடந்து முடிஞ்சதுன்னா எப்பவும் ஃபொஸ்ஸேதான்னு டியூஷன்ல சொல்றாங்களாம், இத்தாலி குடியுரிமைக்கு பி1ங்கற மொழிப் பரீட்சை எழுதப் போறாங்க, ஒரே பயம்.

மரியா எப்ப கிளம்பினாங்கறத விடுங்க, நீங்க எப்ப நினைக்கிறீங்கன்னு பாருங்க. இப்ப நினைக்கிறீங்கன்னா ‘க்ரேதோ கே மரியா ஸியா பர்த்தீத்தா’. அன்னைக்கு நினைச்சீங்கன்னா ‘க்ரெதேவோ கே மரியா ஃபொஸ்ஸே பர்த்தீத்தா’. சாப்பிட்டான், பாத்தான் மாதிரி வினைக்கு ஸியாவுக்குப் பதிலா ஆப்யா, ஃபொஸ்ஸேவுக்குப் பதிலா அவெஸ்ஸே, அவ்வளவுதான்.

ஒரு இடத்துல மட்டும் எல்லாரும் வழுக்குவாங்க. ‘மழை பெஞ்சுட்டு இருந்துச்சுன்னு நினைக்கிறேன்’, இங்க நினைக்கிறது இப்பதான், ஆனா ‘ஆப்யா பியொவூத்தோ’ வராது, ‘க்ரேதோ கே பியொவெஸ்ஸே’தான் வரும். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா க்ரேதோவத் தூக்கிட்டு வெறும் வாக்கியமா சொல்லிப் பாருங்க, ‘பியொவேவா’ (பெஞ்சுட்டு இருந்துச்சு)ன்னு வந்தா பியொவெஸ்ஸே, ‘ஆ பியொவூத்தோ’ (பெஞ்சுச்சு)ன்னு வந்தா ஆப்யா பியொவூத்தோ. சின்ன வயசுல டூரின்ல குடியிருந்தாரு மாதிரி பழைய நிலைமைக்கும் இதேதான், ‘க்ரேதோ கே அபிதாஸ்ஸே அ தொரீனோ’.

‘கே’ (நம்ம ‘ன்னு’) வந்தாலே கொஞ்சுந்தீவோ, அதாவது ஸியா, ஃபொஸ்ஸே மாதிரி வடிவம், போடுன்னு ஒரு ஃபார்முலா விக்கிறாங்களே, அத நம்பாதீங்க. ‘ஸோ கே மரியா எ பர்த்தீத்தா’, தெரியும்னு அடிச்சு சொல்றப்ப ஸியாவுக்கு அங்க வேலையே இல்ல. உங்க ஊர்ல காதுல விழறத வச்சும் எழுதாதீங்க, ‘முடிஞ்சா செய்வேன்’ங்கறதுக்கு ‘ஸே பொதெஸ்ஸி, லோ ஃபச்செஸ்ஸி’ம்பாங்க சிசிலில, பரீட்சைத் தாள்ல ‘லோ ஃபரேய்’னு இல்லன்னா தப்பு. அந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க ஜாலியா இப்படிப் பேசிட்டுத் திரியலாம், வீடு வீடா வேலை பாத்துட்டு ராத்திரி உக்காந்து படிக்கிறவங்க சர்டிஃபிகேட் காட்டணும், என்ன நியாயமோ.

அதுக்கு மேல ஏஜென்ட் தொல்லை. 2018 டிசம்பர்ல பி1 சட்டமானதுல இருந்து ‘கேரண்டி பாஸ்’னு ஒரு கூட்டமே கிளம்பியிருக்கு. சியெனா, பெருஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகங்கள், ரோமா த்ரே பல்கலைக்கழகம், தாந்தே அலிகியேரி சங்கம் மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்தோட சர்டிஃபிகேட்டான்னு பாக்காம பணத்த நீட்டாதீங்க. இன்னொண்ணும் வாயத் திறந்து சொல்ல மாட்டானுங்க: கைல நீண்டகால ஐரோப்பிய பெர்மெஸ்ஸோ (தங்குற அனுமதி கார்டு) இருந்தா குடியுரிமைக்கு இந்த பி1 சர்டிஃபிகேட்டே கேக்க மாட்டாங்க. சகோதரி, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி உங்க கார்டை எடுத்து அது எந்த வகைன்னு பாருங்க.