குறைந்த செலவில் டிவிக்கு ஒரு கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்தைப் பார்த்து வாங்குவது?

டிவியில் இணைக்க ஒரு கம்ப்யூட்டர், அதுவும் படம் பார்க்க மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியானால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம், அந்தப் பணம் மிச்சம். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே வீடியோவை டிகோட் செய்கிறதா, அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி. வீடியோவைச் சுருக்கும் முறைகளில் ஒன்றான 10-பிட் ஹெச்இவிசி-யில் வரும் படங்களுக்கு இன்டெல் 7-ஆம் தலைமுறை ப்ராசசர் போதும். யூடியூபில் வரும் ஏவி1 என்ற இன்னொரு முறைக்கு 11-ஆம் தலைமுறையாவது வேண்டும். இல்லையென்றால் முழுச்சுமையும் ப்ராசசர் தலையில் விழும். மெல்லிய வசனம் வரும் இடத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும். 2023-இல் வந்த 6 வாட் இன்டெல் என்100 சிப் இரண்டையும் சமாளிக்கும். ஃபேனே இல்லாத மாடலும் உண்டு.

ரேம் 8 ஜிபி, சிறிய எஸ்எஸ்டி, சரி. படங்களுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கே போதும்.

அப்புறம், 4கே டிவி என்றால், டிவியோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.0 பதிப்பாக இருக்கட்டும். பழைய 1.4-இல் 4கே படம் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். மௌஸ் அம்புக்குறி தத்தித் தத்திப் போகும்.