ஹீல்ஸில் பிளாக், கிட்டன், ஸ்டிலெட்டோ, வெட்ஜ் இவற்றுக்கு என்ன வித்தியாசம்? முதல் முறை வாங்குகிறவர் எதை வாங்கலாம்?

கேள்வியின் கீழே எழுதியிருப்பதைப் பார்த்தால், அண்ணன் கல்யாண வரவேற்புக்கு லெஹங்காவோடு போட வாங்கப் போகிறீர்கள். இதுவரை தட்டைச் செருப்புதான் பழக்கம். கடைக்காரர் நாலு பெயர் சொல்லி நாலு ஜோடியை எடுத்துப் போட்டதும் ஒன்றும் புரியாமல் திரும்பிவிட்டீர்கள். இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒன்று படம் போட்டுப் பெயரை மட்டும் சொல்கிறது. இன்னொன்று, "குள்ளமானவர்கள் உயரம் காட்டப் போடுவது, கால்தான் கெட்டுப்போகும்" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்தவள். முதலில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தையல், அப்புறம் பல வருடம் செக்கிங். ஃபேஷன் படிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிற லேடீஸ் ஷூ எங்கள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும்.

நீங்கள் குழம்பியதற்குக் காரணம், கடையில் சொல்கிற பெயர்களில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று ஹீலின் பெயர். இன்னொன்று காலைப் பிடித்துக்கொள்கிற மேல்பாகத்தின் பெயர். "கிட்டன் வேண்டுமா, ஸ்லிங்பேக் வேண்டுமா" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. ஒரே செருப்பு இரண்டாகவும் இருக்கலாம்.

ஹீலை முதலில் சொல்கிறேன். பிளாக் என்பது மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே பருமனில் இறங்குவது. கிட்டன் மெல்லியது, ஆனால் குட்டை, பெரும்பாலும் 3.5 முதல் 5 செ.மீ. வரைதான் இருக்கும். ஸ்டிலெட்டோவும் மெல்லியதுதான், ஆனால் பொதுவாக 7.5 செ.மீ.க்கு மேல் போகும், தரையைத் தொடுகிற நுனி 1 செ.மீ. அகலம்கூடத் தேறாது. கோன் மேலே அகலம், கீழே குறுகல். ஃப்ளேர் அதற்கு நேர்மாறு. வெட்ஜில் ஹீல் தனியாகத் தெரியாது, குதிகாலிலிருந்து முன்பாதம் வரை இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டு சரியும். பிளாட்ஃபார்ம் என்பது முன்பாதத்துக்குக் கீழேயும் கனம் வைப்பது. 10 செ.மீ. ஹீலுக்கு முன்னால் 3 செ.மீ. பிளாட்ஃபார்ம் இருந்தால் உங்கள் கால் உணர்கிற ஏற்றம் 7 செ.மீ.தான். கடையில் இதை யாரும் கழித்துச் சொல்வதில்லை.

மேல்பாகத்தில் வார் எதுவும் இல்லாமல் விளிம்பாலேயே காலைக் கவ்வுவது பம்ப். அளவு கொஞ்சம் பிசகினாலும் நடக்கும்போது குதிகால் கழன்றுவிடும். பின்னால் வார் மட்டும் ஓடினால் ஸ்லிங்பேக், பின்பக்கம் ஒன்றுமே இல்லையென்றால் மியூல், புறங்காலின் குறுக்கே வார் வந்தால் மேரி ஜேன், கணுக்காலைச் சுற்றினால் ஆங்கிள் ஸ்ட்ராப். மற்றதெல்லாம் இவற்றின் கலப்புதான்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். இதை நான் எங்கே பார்த்தேன் என்று சொல்கிறேன்.

ஒரு சமயம் கறுப்பு ஆட்டுத்தோலில் பம்ப் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. 8 செ.மீ. மெல்லிய ஹீல். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டது. செக்கிங் டேபிளில் ஒரு கண்ணாடி இருக்கும். ஷூவை அதன்மேல் வைத்து, குனிந்து பின்னாலிருந்து பார்ப்போம். ஒன்றை வைத்து விரலால் தட்டினேன், டக் டக்கென்று ஆடியது. ஹீலின் அடியில் ஒட்டியிருக்கும் டாப் பீஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நூல் போல வெளிச்சம் தெரிந்தது. அடுத்ததிலும் அதே. வலதுகால் ஷூவென்றால் உள்பக்கம், இடதுகால் என்றால் வெளிப்பக்கம். அதாவது எல்லாமே ஒரே திசையில் சாய்ந்திருந்தன. கைத்தவறு இவ்வளவு ஒழுங்காக வராது. ஹீல் அடிக்கிற மெஷினின் செட்டிங்தான் விலகியிருக்க வேண்டும்.

லாட்டைத் தனியே எடுத்து வைத்தேன். சூப்பர்வைசர் வந்துவிட்டார். "ஏம்மா, ஒரு மில்லிமீட்டருக்கு லாட்டையே நிறுத்துவியா? கண்டெய்னர் நிக்குது."

"சார், இங்க ஒரு மில்லிதான். போடறவங்களுக்கு அடிக்கு அடி கணுக்கால் மடங்கும்."

அவர் கேட்கிற மாதிரி இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு 37 சைஸ் கால். சாம்பிள் ரூமில் ஃபிட்டிங் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு ஜோடியைப் போட்டு நடக்கச் சொன்னேன். அதற்குள் மாஸ்டரும் வந்துவிட்டார். அவர் ஷூவைப் பார்க்கவில்லை, பின்னாலிருந்து அவள் கணுக்காலை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு அடியிலும் இரண்டு கணுக்காலும் இடதுபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. ஒரு வார்த்தை பேசாமல் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஹீலைக் கழற்றித் திரும்ப அடித்த பிறகுதான் அந்த லாட் போனது. அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்காமல் நின்றதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், கடையில் செருப்பைச் சமமான கண்ணாடிக் கவுண்ட்டர் மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஹீல் நேராக இறங்க வேண்டும், டாப் பீஸ் முழுசாகப் படிய வேண்டும். அப்புறம் ஒரு கையில் முன்பாகத்தைப் பிடித்துக்கொண்டு ஹீலை லேசாகப் பின்னுக்குத் தள்ளுங்கள், அசையக் கூடாது. நடுவில், பாதத்தின் வளைவு வருகிற இடத்தை அழுத்திப் பாருங்கள். அங்கே உள்ளே ஷாங்க் என்று ஒரு எஃகுப் பட்டை இருக்கும். ஹீல் செருப்பின் முதுகெலும்பே அதுதான். அது மட்டமானதாக இருந்தால் செருப்பு நடுவில் வளையும், நாள்பட ஹீல் பின்னால் சாயும். வளைய வேண்டியது விரல்களின் அடியில் மட்டும்தான்.

வெட்ஜ் வந்த கதையே இந்தப் பட்டையில்தான் இருக்கிறது. 1930களில் இத்தாலி அபிசீனியாவின்மேல், அதாவது இன்றைய எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்தபோது இத்தாலியில் நல்ல எஃகு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கிடைத்த மட்டமான எஃகில் ஷாங்க் உடைந்துபோகவே, சால்வடோர் ஃபெராகாமோ என்ற இத்தாலிய ஷூ வடிவமைப்பாளர் அந்த இடைவெளி முழுவதையும் கார்க் வைத்து அடைத்துவிட்டார். மெல்லிய ஸ்டிலெட்டோ 1950களில்தான் வந்தது. உள்ளே உலோகத் தண்டு கொடுக்கத் தெரிந்த பிறகுதான் அவ்வளவு ஒல்லியான ஹீல் ஒரு ஆளின் எடையைத் தாங்கியது.

இனி, "இதெல்லாம் பெண்களின் வீண் ஆடம்பரம்" என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு. ஹீலை முதலில் போட்டவர்களில் பாரசீகக் குதிரை வீரர்கள் உண்டு, சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் வழுக்காமல் நிற்பதற்காக. பிரான்ஸின் பதினான்காம் லூயி சிவப்பு ஹீல் போட்டு நின்று தன்னைப் படமே வரையவைத்தார். டாக்டர்கள் எச்சரிப்பதையும் நான் மறுக்கவில்லை. உயரம் ஏற ஏற எடை முன்பாதத்துக்குப் போகும், தினமும் மணிக்கணக்கில் போட்டால் விரலும் கெண்டைக்கால் தசையும் கெடும். ஆனால் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஒரு மாலை போடுவது வேறு, வேலைக்காகத் தினமும் போடவைப்பது வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என் அக்கா மகள் சென்னையில் ஒரு ஓட்டல் வரவேற்பில் இருந்தாள். ஷிப்ட் முழுக்க ஹீல்ஸ் கட்டாயம், உட்காரவும் கூடாது. ஊருக்கு வந்த அன்று, "சித்தி, செருப்பைக் கழட்டினா காலைத் தரையில ஊனவே முடியல" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பிலிப்பைன்ஸிலும் வேலையிடத்தில் ஹீல்ஸைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்கள் உட்கார வசதி தர வேண்டும் என்று 2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் துணிக்கடைகளுக்குப் போனால் அந்த நாற்காலியைத் தேட வேண்டியிருக்கிறது. உங்களுக்குச் செருப்பு எடுத்துப் போட்ட பெண்ணும் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். அவள் பொறுமையாக விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அவள்மேல் கோபப்படாதீர்கள்.

சரி, உங்களுக்கு என்ன வாங்கலாம்? மேடையில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், கீழே கார்ப்பெட் இருக்கும், நடுவில் படி ஏறி இறங்க வேண்டும். ஆங்கிள் ஸ்ட்ராப் வைத்த பிளாக், 5 செ.மீ., அதிகம் போனால் 6. புல்வெளியில் வரவேற்பு என்றால் கிட்டனும் வேண்டாம், மெல்லிய நுனி மண்ணில் இறங்கிவிடும். வெட்ஜ் நிற்பதற்கு நல்லது, ஆனால் உயரமானதில் கணுக்கால் மடங்கினால் பலமாகவே மடங்கும், அதனால் குட்டையானதைப் பாருங்கள். கூர்முனை பிடித்திருந்தால் விரல் நுனிக்கு முன்னால் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் கடைக்குப் போங்கள், இரண்டு காலிலும் போட்டு, கடையின் கார்ப்பெட்டை விட்டு வெறும் டைல்ஸில் நடந்து பாருங்கள். லெஹங்காவுக்கு அடி மடித்துத் தைப்பதற்கு முன்பே செருப்பை வாங்கிவிடுங்கள். தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது அதைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள், இல்லாவிட்டால் மேடையில் ஒன்று பாவாடை தடுக்கும், இல்லையென்றால் செருப்பு முழுசாகத் தெரியும்.