உலக சுகாதார முதுநிலை: கடனுக்கு முன் ஒரு வழி

வணக்கம். பல் மருத்துவம் முடித்து ஓராண்டாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் நீங்கள், லண்டனில் உலக சுகாதாரம் படிக்கக் கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதுநிலைப் படிப்புக்குப் பிரிட்டன் அரசு வழங்கும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் தேவை என்பதால், இன்னும் ஓராண்டு இதே பணியில் நீடித்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் படிப்பு முடிந்ததும் 2 ஆண்டுகளாவது தாயகத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வீட்டாரிடம் முன்னரே பேசிவிடுங்கள்.

படிப்பின் பெயரைப் பார்க்காமல், நோய்ப்பரவலியலும் (நோய்கள் யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராயும் துறை) உயிரியல் புள்ளியியலும் (உடல்நலத் தரவுகளை அலசும் கணக்கியல்) எவ்வளவு ஆழமாகக் கற்பிக்கப்படுகின்றன என்று பாருங்கள். காசநோய்ப் பதிவேட்டைப் புரட்டி, மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்று ஆராயும் திறனை அவையே தரும். வேலையை விட இயலாதெனில், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் நோய்ப்பரவலியல் முதுநிலையைத் தொலைநிலையிலும் படிக்கலாம்.