டிஜே புக் பண்ணியாச்சு, அக்ரிமென்ட் எங்கே?

கேள்வி: என் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்து ஒரு டிஜேவைப் பிடித்தோம். மொத்தம் 45,000 ரூபாய், அதில் 15,000 ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அவர் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார், எத்தனை ஸ்பீக்கர், எத்தனை லைட் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, அடியில் சின்ன எழுத்தில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது'. அக்ரிமென்ட் போடலாமா என்றால் 'எல்லாம் நம்பிக்கைதான் சார்' என்கிறார். போட்டால் அதில் என்னென்ன இருக்கணும்?
– வாசகர், மதுரை

பதில்: நம்பிக்கை இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும். ரெண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. அக்ரிமென்ட் என்றதும் முத்திரைத்தாள், வக்கீல் என்று அவர் பயந்திருப்பார். அதெல்லாம் வேண்டாம். நீங்கள் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ விவரமாக எழுதி அனுப்பி, அவர் 'சம்மதம்' என்று பதில் போட்டாலே அது ஒப்பந்தம்தான். மின்னணு முறையில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவு சொல்கிறது. அந்தச் செய்திகளை மட்டும் கல்யாணம் முடிந்து கணக்கு தீரும்வரை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பேக்கப் எடுத்து வையுங்கள்.

அவர் அனுப்பிய கொட்டேஷன் பொருட்களின் பட்டியல், அவ்வளவுதான். டிஜே விஷயத்தில் தகராறு ஸ்பீக்கர் எண்ணிக்கையில் வருவது குறைவு. யார் வந்தார், எப்போது நிறுத்தினார், ஏதாவது சொதப்பினால் பணம் யாருடையது, இந்த மூன்றில்தான் வருகிறது. கொட்டேஷனில் இந்த மூன்றும் இருக்காது.

முதலில், யார் வருவார். நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஆள் ரெண்டு மூணு இடத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு, தான் ஒரு மண்டபத்துக்குப் போய், மிச்ச இடங்களுக்குத் தெரிந்த பையன்களை அனுப்புவது நடக்கிறது. நீங்கள் ரீல்ஸில் பார்த்த ஆள் ஒருத்தர், மேடையில் நிற்பவர் இன்னொருத்தர். ஆகவே வாசிக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்றாள் யார், அதை எத்தனை நாள் முன்னால் சொல்லணும், பிடிக்கவில்லையென்றால் முழு அட்வான்ஸையும் திரும்ப வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டா, எல்லாம் ரெண்டு வரியில் வந்துவிடும். உங்கள் சம்மதம் இல்லாமல், உங்களுக்குப் பாதகமாக, ஒப்பந்தத்தை இன்னொருவர் தலையில் கட்டும் உரிமையைத் தனக்கு எழுதிக்கொள்வது நியாயமற்ற ஒப்பந்தம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி ஒரு வரி அவருடைய பேப்பரில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். இங்கேதான் நம் வீட்டு ரிசப்ஷன்களில் பணம் வீணாகிறது. பத்திரிகையில் 6.30 மணி என்று போட்டிருப்போம், டிஜேவும் அப்போதிருந்து நாலு மணி நேரம் என்று பேசியிருப்பார். ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறவே ஏழேகால் ஆகும். அப்புறம் கவர் கொடுக்கிற வரிசை, போட்டோ, இன்னொரு குடும்பம், இன்னொரு போட்டோ. ஒன்பது, ஒன்பதேகாலுக்குத்தான் நண்பர்கள் ஆட வருவார்கள், பத்து மணிக்கு மண்டபத்து மேனேஜர் வந்து நிற்பார். நாலு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆடியிருப்பீர்கள், இதில் டிஜேவைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் 'நாலு மணி நேரம்' என்று எழுதாமல், ஸ்பீக்கர் எல்லாம் ஏற்றி டெஸ்ட் பண்ணி முடிக்க வேண்டிய நேரம், மெல்லிசை ஓடும் நேரம், டான்ஸ் நேரம், நிறுத்தும் நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். டான்ஸ் நேரத்தைப் போட்டோகிராபருக்கும் சொல்லிவிடுங்கள், வரிசையை நிறுத்துகிற அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது.

பத்து மணி என்பது மேனேஜர் தன் இஷ்டத்துக்குச் சொல்வது இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிக்கலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் கதவைத் திறந்து வைத்த ஹாலில் சப்வூஃபர் தெரு முழுக்க அதிர்ந்தால் அந்த விலக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. புல்வெளி, மொட்டை மாடி என்றால் பேச்சே இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை இன்னும் கட்டுப்பாடு அதிகம். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டியது யார், நீங்களா, மண்டபமா, டிஜேவா என்று அக்ரிமென்டில் ஒரு வரி போடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியில் ஸ்பீக்கர் கட்டி ரோட்டில் போகிற திட்டம் இருந்தால் அது தனி விஷயம், அதற்குப் போலீஸ் அனுமதியைத் தனியாகப் பாருங்கள்.

கரண்டை யாரும் யோசிப்பதில்லை. சவுண்டுக்கும் லைட்டுக்கும் எவ்வளவு லோடு என்று டிஜேவிடம் எழுதி வாங்கி மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஏசி ஓடுகிற லைனிலேயே இதையும் சொருகினால் பாட்டு நடுவில் டிரிப் ஆகும். எர்த்திங் சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், மைக்கைத் தொட்டால் ஷாக்கும் அடிக்கலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் டிஜே லைனுக்கும் வருமா, டீசல் யார் கணக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்படியே வெளி டிஜேவை உள்ளே விடுவார்களா என்றும் கேளுங்கள். சில மண்டபங்களில் அவர்கள் ஆள்தான் சவுண்டு போடணும், இல்லையென்றால் ஒரு தொகை கட்டணும். கோல்ட் பைரோ (சூடில்லாத தீப்பொறி), பேப்பர் பிளாஸ்ட் (காகிதத் துண்டு பறக்கவிடுவது) இதற்கெல்லாம் தடையோ, கூட்டிப் பெருக்கக் காசோ இருக்கலாம். அது மண்டபத்து ரசீதுக்குப் பின்பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

பாட்டு விஷயத்தில் வேண்டும் என்கிற லிஸ்டைவிட வேண்டாம் என்கிற லிஸ்ட் முக்கியம். இரட்டை அர்த்தப் பாட்டு, சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு எதுவும் கூடாது என்று எழுதுங்கள். ரெண்டு நடிகர்களின் ரசிகர்கள் மாற்றி மாற்றிக் கேட்டு கைகலப்பு வரை போன ரிசப்ஷன்கள் உண்டு. யார் சொன்னால் பாட்டை மாற்றணும் என்பதற்கு உங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆளைக் குறிப்பிடுங்கள், மாமா ஆகட்டும் மச்சான் ஆகட்டும். ஆங்கரும் (மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்துகிறவர்) அவரேதானா, இல்லை தனி ஆளா, தனிக் காசா என்பதும் அதிலேயே வரட்டும்.

பணத்துக்கு வருவோம். முழுத் தொகை, கொடுத்தது, மிச்சம் எப்போது, கூடுதல் மணிக்கு எவ்வளவு, வண்டி வாடகை உள்ளா வெளியா, கூட வரும் பையன்களுக்குச் சாப்பாடு உண்டா. 'ஜிஎஸ்டி தனி' என்றால் நம்பரைக் கேட்டு ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சேவைக்காரர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் பதிவு இல்லாதவர் 18 சதவீதம் வசூலிக்கவும் முடியாது.

கடைசியாக ரத்து. உங்கள் பக்கம் ரத்தானால் எவ்வளவு என்று மட்டும்தான் அவர் எழுதியிருக்கிறார். அவர் வராவிட்டால்? அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் போதாது, கடைசி நேரத்தில் வேறு ஆளைப் பிடிக்க ஆகும் கூடுதல் செலவும் அவருடையது என்று எழுதுங்கள். இதற்குச் சம்மதிக்கத் தயங்குகிற ஆள் என்றால் 15,000-த்தோடு விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

இதை அப்படியே எடுத்து அனுப்பலாம்: 'இந்தத் தேதியில், இந்த மண்டபத்தில், நீங்களே நேரில் வந்து வாசிக்கிறீர்கள். மாலை 5.30-க்குள் சவுண்டு செக் முடிக்கணும். டான்ஸ் 8.30 முதல் 9.50 வரை. மொத்தம் 45,000, பெற்றது 15,000, மீதி அன்று மாலை சவுண்டு செக் முடிந்ததும். நீங்கள் வர முடியாவிட்டால் முழு அட்வான்ஸும், மாற்று ஏற்பாட்டுக்கான கூடுதல் செலவும் தரவேண்டும். நாங்கள் 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் பாதி அட்வான்ஸ் திரும்பத் தரவேண்டும், தேதி மாறினால் நீங்கள் காலியாக இருக்கும் நாளுக்கு அட்வான்ஸ் மாற்றிக்கொள்ளப்படும். சம்மதமா?'

கேள்வி: மாப்பிள்ளையின் தாத்தா தவறிவிட்டதால் ரிசப்ஷனை மூன்று வாரத்துக்கு முன்பே தள்ளிவைத்தோம். டிஜேவுக்குக் கொடுத்த 20,000-ஐ 'நான் ரீஃபண்டபிள்' என்று சொல்லித் தர மறுக்கிறார், புதுத் தேதியிலும் அவர் ஃப்ரீ இல்லையாம். முழுத் தொகையும் போனதுதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முழுசும் போகவில்லை, முழுசும் வரவும் வராது. தேதியை மாற்றியது நீங்கள், அவர் அந்த முகூர்த்த நாளை உங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார், அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் 'திருப்பித் தரப்படாது' என்று எழுதிவிட்டால் போதும், கேள்வியே இல்லை என்று அவர் நினைத்தால் அதுவும் சரியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையைத் தண்டமாக எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு என்கிறது. அதே நாளில் அவர் வேறு நிகழ்ச்சிக்குப் போயிருந்தால் அவருக்கு என்ன பெரிய நஷ்டம்? இதைத்தான் எழுத்தில் கேளுங்கள். அவருடைய இன்ஸ்டா பக்கத்தையும் பாருங்கள், அன்றைக்கு எங்கே வாசித்தார் என்று அவரே போட்டிருப்பார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியாவது தந்தால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அப்புறம் ஒரு நோட்டீஸ், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். ரெண்டு வருஷத்துக்குள் போடணும். ஒரு விஷயம் கவனியுங்கள்: ஒப்பந்த விதியே நியாயமற்றது, அதைச் செல்லாது என்று அறிவிக்கணும் என்று கேட்டால் அந்த வழக்கு மாநில ஆணையத்துக்குப் போகும். 20,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் வேண்டாம், சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்ற அளவில் புகாரை எழுதுங்கள்.

கேள்வி: நான் டிஜே. உங்கள் பகுதியில் எப்போதும் வாடிக்கையாளர் கதைதான். போன மாதம் ஒரு ரிசப்ஷனில் குடித்துவிட்டு வந்தவர் லைட் ஸ்டாண்டைத் தள்ளி ஒரு லைட் உடைந்தது, ஒன்றரை மணி நேரம் எக்ஸ்ட்ரா வாசித்ததற்கும் காசு இல்லை, மீதிப் பணத்துக்கு இன்னும் அலைகிறேன். எங்களுக்கு என்ன பாதுகாப்பு?
– வாசகர், திருப்பூர்

பதில்: நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் வாங்குகிறவர்களுக்கானது என்றாலும் நல்ல அக்ரிமென்ட் ரெண்டு பேருக்கும்தான். மீதிப் பணத்தை நிகழ்ச்சி முடிந்ததும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பத்தரை மணிக்கு மண்டபத்தில் பணம் வைத்திருக்கிற ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாரும் பந்தியிலோ சமையல்காரரிடமோ நிற்பார்கள். சவுண்டு செக் முடிந்ததும், முதல் பாட்டுக்கு முன்னால் என்று எழுதுங்கள். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு, வீட்டார் சார்பில் குறிப்பிட்ட நபர் வாட்ஸ்அப்பில் ஓகே போட்டால்தான் தொடரும் என்று எழுதுங்கள். நண்பர்கள் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவது ஆர்டர் ஆகாது.

விருந்தினரால் பொருள் உடைந்தால் புக் செய்தவர் பொறுப்பு என்ற வரி செல்லும், ஆனால் பொருளின் பெயரும் பழுது பார்த்த பில்லும் வேண்டும், மனம்போன தொகை எழுதினால் நிற்காது. மேடையிலும் ஸ்பீக்கர் பக்கத்திலும் யாரும் ஏறக்கூடாது, மிரட்டலோ அடிதடியோ வந்தால் நிறுத்திவிட்டுக் கிளம்பலாம், அப்போதும் முழுத் தொகை உண்டு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் போலீஸோ மேனேஜரோ நிறுத்தச் சொன்னால் அது உங்கள் தவறாகாது என்பதும் இருக்கட்டும். இன்னொன்று, அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆடுவதை வீடியோ எடுத்து உங்கள் ரீல்ஸில் போட வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இதனால் வரும் சண்டை 5,000 ரூபாய் பாக்கியைவிடப் பெரிசு.

கேள்வி: கல்யாண மண்டபத்தில், டிஜே பாட்டுப் போட பாட்டு உரிமையாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் பிபிஎல், ஐபிஆர்எஸ் அமைப்புகளின் லைசென்ஸ் எடுத்து வாருங்கள் என்கிறார்கள். கட்டாயமா?
– வாசகர், கோவை

பதில்: கல்யாணத்துக்கு வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(இசட்ஏ) பிரிவு, மதச் சடங்கையொட்டிப் பாட்டு ஒலிப்பதை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. இதை மீறி ராயல்டி கேட்கக் கூடாது என்று மத்திய அரசின் டிபிஐஐடி (தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) 2023 ஜூலை 24 அன்று பொது அறிவிப்பே வெளியிட்டது. அந்த அறிவிப்பை டவுன்லோட் செய்து மேனேஜருக்கு அனுப்புங்கள். கம்பெனி ஆண்டு விழா, ஹோட்டல் புத்தாண்டுக் கொண்டாட்டம் இதற்கெல்லாம் இந்த விலக்கு கிடையாது. அங்கே லைசென்ஸ் செலவு நடத்துகிறவருடையதா டிஜேவுடையதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அக்ரிமென்டில் எழுதிவிடுங்கள்.