தனியார் கலைச் சேகரிப்பு எப்படிப் பொது அருங்காட்சியகம் ஆகிறது? ஹைதராபாத் சாலார் ஜங் கதை

ஒருவர் தன் சொந்தக் காசில் வாங்கி வீட்டில் வைத்திருந்த கலைப்பொருட்கள், பின்னாளில் எல்லோரும் பார்க்கும்படி பொதுச்சொத்தாக மாறுவதைத்தான் இப்படிச் சொல்கிறோம். நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் சாலார் ஜங் அருங்காட்சியகம்.

சாலார் ஜங் என்பது ஒரு பட்டம். மூன்றாம் சாலார் ஜங்கான மீர் யூசுஃப் அலி கான், ஹைதராபாத் நிஜாமிடம் வகித்த திவான் (பிரதம மந்திரி) பதவியை 1914-இல் விட்டார். அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சேகரிப்புதான். 1949-இல் காலமானபோது அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. சிக்கல் அங்கேதான். பெரியவர் போனபின் பாத்திரம் பண்டங்களைப் பாகம் பிரித்தால் ஆளுக்கொன்று போய்விடும், அப்புறம் ஒன்றுசேராது இல்லையா? அதேதான் இங்கும் நடந்திருக்கும். அரசு தலையிட்டு, 1951-இல் அவர் மாளிகையான திவான் தேவ்டியிலேயே அருங்காட்சியகத்தைத் திறந்தது, திறந்துவைத்தவர் நேரு. உறவினர்கள் 1958-இல் சமரசத்துக்கு வந்து முழுவதையும் அரசுக்குக் கொடுத்தார்கள். 1961-இல் நாடாளுமன்றச் சட்டம், 1968-இல் மூசி ஆற்றங்கரையில் இப்போதைய கட்டடம்.

உள்ளே கூட்டம் மொய்ப்பது மணிக்கொருமுறை குட்டி பொம்மை வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னால். என் ஓட்டு ‘முக்காடிட்ட ரெபேக்கா’ சிலைக்குத்தான். இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கியது. முக்காடும் பளிங்கு, முகமும் பளிங்கு; ஆனாலும் மெல்லிய துணிக்குப் பின்னால் முகம் தெரிவதுபோலவே இருக்கும்.

இது நிஜாமின் சேகரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நிஜாம்களிடம் திவானாக இருந்த குடும்பத்தின் சேகரிப்பு. ரெபேக்காவை 1876-இல் வாங்கியவரே முதலாம் சாலார் ஜங்தான்.