மூன்றாவது சக்கரம் எந்தப் பக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 69 வயது. நெடுங்காலமாக அமெரிக்காவில், வட கரோலினாவில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து நானும் மனைவியும் ஹோண்டா கோல்ட் விங் பைக்கில் ப்ளூ ரிட்ஜ் மலைப்பாதையில் சுற்றுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறோம். போன அக்டோபரில் ஒரு பெட்ரோல் பங்கில், சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தும்போது வலது முழங்கால் (மாற்று அறுவை சிகிச்சை செய்த கால்) லேசாக மடங்கியது. வண்டி அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கி நிறுத்த இரண்டு பேர் ஓடிவர வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை விரல் மூட்டுகளிலும் வலி.

"இனிமேல் மூன்று சக்கரம், இல்லாவிட்டால் கார்" என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கூட வண்டி ஓட்டும் நண்பர்கள் பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ஹார்லி டிரை கிளைடு வாங்கச் சொல்கிறார்கள். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளதை "டயர் மாட்டிய பனிவண்டி" என்று கேலி செய்கிறார்கள். மகனோ அந்த வகையைச் சேர்ந்த கேன்-ஆம் ஸ்பைடர்தான் பாதுகாப்பு என்கிறான். இரண்டையும் ஓட்டியவர் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

எஸ்.,
வட கரோலினா

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்களின் கேலியில் உண்மை இருக்கிறது. ஸ்பைடரைத் தயாரிக்கும் பிஆர்பி, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஸ்கீ-டூ பனிவண்டி செய்து பேர் வாங்கிய நிறுவனம். பனிவண்டியில் முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரு பட்டை. 2007-ல் வந்த ஸ்பைடர் அந்த அமைப்பையே சாலைக்குக் கொண்டுவந்தது. அதனால் என்ன? முன்னால் இரண்டு சக்கரம் என்பது நேற்று வந்த யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் மார்கன் 1910-லேயே அப்படி ஒரு வண்டியைக் காட்சிக்கு வைத்துவிட்டது. பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஹார்லியின் செர்விகார் 1932-ல்தான் வந்தது. பழமையை வைத்துப் பேசினால் உங்கள் நண்பர்கள் தோற்றுவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தாளில் முக்கோணம் போடுங்கள். மூன்று முனைகளும் மூன்று சக்கரங்கள். வண்டியும் நீங்களும் சேர்ந்த மொத்த எடையின் மையம் அதற்குள் ஒரு புள்ளி. வளைவில் திரும்பும்போது அந்த எடை வெளிப்பக்கம் தள்ளும். முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டும் அளவுக்குத் தள்ளினால், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் பின்னால் போகும். மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

டிரை கிளைடு மாதிரி முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில் முக்கோணம் முன்பக்கம் குறுகலாக இருக்கும். வளைவுக்கு நடுவில் பிரேக் பிடித்தால் எடை முன்னாலும் வெளிப்பக்கமும் சேர்ந்து போகும், அதாவது முக்கோணம் எங்கே இல்லையோ அங்கே. இதனால்தான் நம் ஊர் ஆட்டோக்காரர் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். ஸ்பைடரில் இதற்கு நேர் எதிர். பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை அகலமான பக்கத்துக்கு வரும். பைக்கில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைப் பொதுவாக முன்சக்கரம்தான் செய்கிறது, ஸ்பைடரில் அது இரண்டு. அதன் பலவீனம் வேறு இடத்தில்: வளைவில் அவசரமாக முறுக்கினால் எடை ஒற்றைப் பின்சக்கரத்தின் மேல் போகும். ஆனால் எல்லை மீறும்போது எஞ்சினை அடக்கி, தேவையான சக்கரத்தில் பிரேக் போட ஒரு மின்னணு ஏற்பாட்டை ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கிறார்கள்.

எழுபதை நெருங்கும் நாம் வளைவில் வேகமாக முறுக்கிக் கவிழப்போவதில்லை. நாம் செய்யக்கூடிய தவறு வேறு. வளைவு இவ்வளவு இறுக்கம் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் படும். நடுவழியில் பதறி பிரேக் போடுவோம். அந்தத் தவறை எந்த வண்டி பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் என் கேள்வி. டெனஸி எல்லையில் 'டெயில் ஆஃப் தி டிராகன்' சாலைக்குப் போயிருப்பீர்கள், 11 மைலில் 318 வளைவு. அங்கே இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் முதல் மைலிலேயே தெரிந்துவிடும்.

இதுவரை உங்கள் மகன் பக்கம். ஆனால் ஸ்பைடரில் அவன் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. அதில் கை பிரேக்கே கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக், அதுவும் வலது காலில். முதல் நாள் காலி பார்க்கிங் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் என் வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே நீண்டு, அங்கே இல்லாத லீவரைத் தேடிக் காற்றை இழுத்தன. கால் அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டது. 40 மைல் வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 60 அடி போய்விடும். உங்களுக்கு மாற்று மூட்டு வைத்ததும் அதே வலது கால். காரில் தயங்காமல் பிரேக் மிதிக்கிறீர்கள் என்றால் காலில் வலு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரில் உட்காரும் வாட்டம் வேறு. இங்கே முழங்காலை மடித்து வைத்த நிலையிலிருந்து பாதத்தைத் தூக்கி மிதிக்க வேண்டும். அதை எலும்பு டாக்டர் சொல்லி நம்ப வேண்டாம், உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள்.

டிரை கிளைடில் கை பிரேக் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கிளட்சும் இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் வலிக்கிற இடது கையில். ஸ்பைடரில் கியரை இடது கைப்பிடி விசையில் தட்டிவிட்டால் போதும், வேகம் குறையும்போது அதுவே கியரை இறக்கிக்கொள்ளும். ஹேண்டில்பாரைத் திருப்ப மின்சார பவர் ஸ்டீயரிங் வேறு. இதைச் சின்ன வசதி என்று நினைக்காதீர்கள். சாயாத வண்டியை வளைப்பது முழுக்க முழுக்கத் தோளின் வேலை. 560 கிலோவுக்குப் பக்கமுள்ள டிரை கிளைடை மலைப்பாதையில் அரை நாள் இழுத்துத் திருப்பினால், மறுநாள் காலை சட்டை போடும்போது தோள் சொல்லிவிடும்.

இனி இரண்டுக்கும் பொதுவான சிக்கல். பைக்கில் இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம், வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. இதை யோசித்துச் செய்வதில்லை, உடம்பே செய்கிறது. மூன்று சக்கரத்தில் அதே போலத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும்! எதிரே லாரி வரும் பாதையில் இந்தக் குழப்பம் வரக்கூடாது. அப்புறம், நிற்கும்போது காலை ஊன்றும் பழக்கம். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில் உங்கள் பாதத்துக்கு நேர் பின்னால் பெரிய சக்கரம் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. வண்டி முழுதாக நிற்கும் முன்பே காலைக் கீழே வைத்தால் குதிகால் மேலேயே ஏறும். ஸ்பைடரில் அகலமான சக்கரங்கள் கண்ணெதிரே முன்னால் இருப்பதால் இந்த அபாயம் குறைவு.

யமஹா நிக்கென், பியாஜியோ எம்பி3 போல முன்னால் இரண்டு சக்கரம் வைத்துச் சாயும் வண்டிகளை நீங்கள் கேட்கவில்லை, நல்லது. ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் நிக்கென் நிற்கும்போது தானாக நிற்காது, நாம்தான் தாங்க வேண்டும். உங்கள் பெட்ரோல் பங்க் கதை மறுபடி நடக்கும்.

உங்கள் மனைவியைப் பற்றி நண்பர்களும் மகனும் யோசித்த மாதிரியே தெரியவில்லை. பின்னிருக்கைக்கு டிரை கிளைடுதான் ராஜா. அகலமான இருக்கை, சாய்மானம், கைப்பிடி, இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே நல்ல பெரிய டிக்கி. ஸ்பைடரில் நெடும்பயணத்துக்கான ஆர்டி மாடலிலும் வசதி குறைவில்லை, ஆனால் அதற்கும் கீழே ரைக்கர் என்று ஒன்று விற்கிறார்கள், விலை குறைவு என்று அதன் பக்கம் போய்விடாதீர்கள். அது ஒற்றை ஆள் ஜாலியாக ஓட்டுகிற வண்டி. எந்த டிரைக்கிலும் (மூன்று சக்கர பைக்) வளைவில் பின்னால் இருப்பவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவார். பைக்கில் சாய்வு அதைச் சரிக்கட்டிவிடும், இங்கே அவர் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே திட அச்சில் இருந்தால், ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போது இடுப்பு பக்கவாட்டில் ஆடும். பைக்கில் குழியை ஒதுக்கி ஓட்டிவிடலாம், மூன்று தடம் போகும் வண்டியில் ஏதாவது ஒரு சக்கரம் இறங்கியே தீரும்.

இருக்கிற கோல்ட் விங்குக்கே பின்னால் இரண்டு சக்கரம் மாட்டிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வண்டியில் கிளட்ச் இருப்பதால் கைவலி தீராது. தானியங்கி கியர் உள்ள, 2018 முதல் வந்த டிசிடி கோல்ட் விங்கை டிரைக் ஆக்கியதை யாராவது விற்றால் மட்டும் பாருங்கள். அதில் கிளட்ச் லீவரும் இல்லை, கை பிரேக்கும் உண்டு. நடுவழி பிரேக் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

என் ஓட்டு ஸ்பைடர் ஆர்டிக்கு. உங்கள் வலது கால் ஒத்துக்கொண்டால். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த டிசிடி டிரைக். டிரை கிளைடு மூன்றாவது இடத்தில். ஒரு சனி ஞாயிறு ஸ்பைடரை வாடகைக்கு எடுங்கள். முதல் நாள் தனியாக, காலி மைதானத்தில், வலது கை இல்லாத லீவரைத் தேடுவதை நிறுத்தும் வரை பிரேக் போட்டுப் பாருங்கள். மறுநாள் மனைவியோடு மலைக்குப் போங்கள். மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் மூன்று சக்கரத்துக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. இவ்வளவு வருடம் ஓட்டியவருக்கு எதற்கு என்று நினைக்காமல் போய் வாருங்கள். இவ்வளவு வருடம் ஓட்டியவருக்குத்தான் அது அதிகம் தேவை.

டிரைக் வீட்டுக்கு வந்ததும் கோல்ட் விங்கைக் கொடுத்துவிடுங்கள். வாரநாளில் இது, ஞாயிற்றுக்கிழமை அது என்று இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் கை எதைத் தள்ளுவது, கால் எப்போது ஊன்றுவது என்று குழம்பிப்போகும். மகனுக்குக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவனிடம் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.